நான் அறுக்கிறேன், நீ தை

சேட்டு கோழியின் இரண்டு கால்களையும் சேர்த்துச் சணல் கயிற்றால் சுற்றிக்கொண்டிருந்தார். ஜீப் நிற்பதற்குள் குதித்து ஓடி வந்த சிவசங்கரி, வாசலில் கிடத்தியிருந்த அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராகச் சித்தப்பா சேட்டுவிடம் போய், அவர் கையிலிருந்த கோழியைப் பிடுங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி வரியில் நிறுத்திவிட்டார்கள். மூங்கிலைப் பிளந்து பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பெற்ற அப்பன் செத்துக் கிடக்கிறான், மகள் வந்ததும் வராததுமாகக் கோழியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றால் யார்தான் வாயைப் பிளக்க மாட்டார்கள்?

"குடும்மா சங்கரி," என்றார் சேட்டு. அழுது அழுது அவருக்குக் கண் சிவந்திருந்தது. "அண்ணன் சனிக்கிழம போயிருக்காரு. தொணைக்கு ஒண்ணு கட்டி அனுப்பியே ஆவணும். இந்த வூட்ல இனிமே யாரு கீறாங்க? அண்ணி ஒருத்திதான. நீயே ரோசன பண்ணு."

சனிக்கிழமை செத்தவர் தனியாகப் போக மாட்டார், வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வார் என்பது அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஒரு கோழியைப் பாடையில் கட்டிக் காட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர் அதோடு சமாதானமாகிவிடுவார். வேறு சமயமாக இருந்தால் ஆளுக்கொரு கோழியைக் கொண்டு வந்து நீட்டியிருப்பார்கள். சித்திரையில் வந்த வெள்ளைக்கழிச்சல் நோய் நாற்பது வீட்டுக் கோழிகளையும் பஞ்சாரத்தோடு துடைத்துக்கொண்டு போயிருந்தது. இப்போது செத்துக் கிடக்கிற சிங்காரம் மட்டும் தன் சிவப்புப் பெட்டையைச் சோளக் குதிருக்குப் பின்னால் தனியாக மூடி வைத்து, யாரையும் கிட்டே விடாமல் காப்பாற்றினார். ஊருக்கே மிஞ்சிய ஒரே கோழி அதுதான்.

அதுவும் இப்போது நன்றாக இல்லை. கழுத்துக்குக் கீழே இரைப்பை உள்ளங்கை அளவுக்கு உப்பிக் கல்லாக இறுகிக் கிடந்தது. ஐந்து நாளாக ஒரு மணி உள்ளே இறங்கவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது. எப்படியும் சாகப் போகிற கோழிதானே, அண்ணனோடே போகட்டும் என்று சேட்டு சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சிவசங்கரி வாணியம்பாடிப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். அன்று காலையில் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா அவளுக்குப் போன் செய்தார். ஊருக்குள் சிக்னல் கிடையாது. பெரிய பாறை மேல் ஏறி நின்றால்தான் பேச முடியும். இரண்டு மாதமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர், மேல்மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"வரும்போது கம்பெனி ஊசியும் நூலும் எட்த்துட்டு வா. கோழி பையக் கீறி அடச்சிருக்கறத எடுத்துட்டா பொழச்சிக்கும். நான் அறுக்குறேன், நீ தை."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் வராத ஆள், கோழிக்கு ஆபரேஷன் செய்யப் பாறை ஏறியிருக்கிறாரே என்று கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். எட்டு மணிக்கு அதே பாறையிலிருந்து பக்கத்து வீட்டுக் கலைவாணி கூப்பிட்டாள். அப்பா பாறையிலிருந்து இறங்கி வந்தபோது தண்ணீர்க் குடத்தோடு அவளும் எதிரில் வந்தாளாம், பேசிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தாராம். வீட்டுக்குப் போய் அம்மா கொடுத்த ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர்தான்.

கடைசியாக அப்பாவிடம் பேசியது சண்டையாகப் போய்விட்டது. பஸ்ஸிலும் ஜீப்பிலும் அது ஒன்றையே நினைத்து அழுதுகொண்டு வந்தாள். ஆனாலும் கிளம்பும்போது ஊசியையும் நூல்கண்டையும் பையில் போட மறக்கவில்லை.

"எப்போ எடுக்கறீங்க, சித்தப்பா?"

நெல்லிவாசலிலிருந்து அம்மாவின் பிறந்த வீட்டார் கோடித் துணி கொண்டு வர வேண்டும், அவர்கள் வந்து முகம் பார்த்ததும் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் சேட்டு. மூன்று மணிக்குள் வந்துவிடுவார்களாம்.

"அதுவரைக்கும் குடுங்க. எந்திரிச்சி நின்னா வுட்ருங்க. இல்லன்னா நானே கொண்டாந்து கட்றேன்."

சேட்டு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவள் அப்பாவிடம் போனாள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய். தாடையைச் சுற்றிக் கட்டிய துணியால் எப்போதும் இல்லாத ஒரு கண்டிப்பு அந்த முகத்தில் வந்திருந்தது. பக்கத்தில் அம்மா ஜெயம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, கொடுத்த காப்பியைத் தொடவில்லை என்றார்கள். மகள் தோளைத் தொட்டும் திரும்பவில்லை. சிவசங்கரிக்குப் பயமாக இருந்தது. ஆனால் உட்கார்ந்து பயப்பட நேரமில்லை.

கொல்லையில் கலைவாணி அடுப்பு மூட்டி ஊசி, நூல், புது பிளேடு எல்லாவற்றையும் வெந்நீரில் கொதிக்க வைத்தாள். மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்தாள். கல் மேல் கோணியை விரித்துக் கோழியை மல்லாத்தி, தலைக்குத் துணியைப் போட்டு மூடியதும் அது இருட்டென்று நினைத்து அடங்கிவிட்டது. இரைப்பை மேலிருந்த இறகுகளைச் சிவசங்கரி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிளேடை எடுத்தாள். தோலுக்கு மேலேயே கை நின்றுவிட்டது. தினம் நூற்றுக்கணக்கில் தோல் தைக்கிற கைதான், ஆனால் அறுக்கிற வேலை அவளுடையது இல்லையே. அறுக்க வேண்டிய ஆள் வாசலில் படுத்திருக்கிறார்.

"அக்கா, நான் கெட்டியா புடிச்சிக்கினு கீறேன். நீ அறு," என்றாள் கலைவாணி.

மேல்தோலைக் கீறினாள். அதிகம் ரத்தமில்லை. உள்ளே மெல்லிய பை தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையும் ஒரு விரல் நீளத்துக்குக் கீறினாள். புளித்த நாற்றம் குப்பென்று அடித்தது.

இதற்குள் சுற்றிலும் ஆள் சேர்ந்துவிட்டது. முதலில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்புறம் பாடை கட்டுகிறவர்கள் மூங்கில் தேடுகிற சாக்கில் வந்தார்கள். மேளக்காரர்கள் எந்தச் சாக்கும் இல்லாமலே வந்து நின்றார்கள். ஆளுக்கொரு யோசனை. விரலை விடாதே, ஈர்க்குச்சியை விடு என்றார் ஒருவர். ஈர்க்குச்சி குத்திவிடும், கரண்டிக்காம்பை விடு என்றார் இன்னொருவர். முன்னே ஒரு ஆட்டுக்கு நான் செய்திருக்கிறேன் என்று ஒருவர் ஆரம்பித்தார். அந்த ஆடு பிழைத்ததா என்று கேட்டதும் பின்னால் நகர்ந்துகொண்டார்.

சிவசங்கரி விரலைத்தான் விட்டாள். ஏதோ வழுக்கலாகச் சிக்கியது. மெல்ல இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. பலாச்சுளைகளுக்கு நடுவே இருக்கிற சடை, நார் நாராகப் பின்னிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு ஒரு முழத்துக்கு நீண்டது. ஒரே கோழி மிஞ்சியதே என்ற ஆசையில், முற்றிய பலாவைப் பிளந்து சடையைக்கூட வீணாக்காமல் கேழ்வரகுத் தவிட்டில் பிசைந்து அப்பாதான் வாய் வாயாக ஊட்டியிருக்க வேண்டும். வேறு எந்தப் பைத்தியக்காரன் கோழிக்கு ஊட்டுவான்?

கடைசி நார் வெளியே வந்தபோது கூட்டம் மொத்தமும் "ஆ" என்றது. சாவு வீட்டில் வரக் கூடாத சத்தம் அது. உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயம்மாள் அப்போதுதான் முதல் முறையாகத் தலையைத் திருப்பியதாகப் பின்னால் சொன்னார்கள்.

பையை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவியாயிற்று. இனி தையல். இனி அவள் ராஜ்யம். செருப்பில் உள்தோலையும் மேல்தோலையும் சேர்த்துத் தைத்தால் இழுத்துக்கொண்டு கிழியும். இங்கேயும் அப்படித்தான், முதலில் பையைத் தனியாக நெருக்கிப் பிடித்து ஏழு தையல், அதற்கு மேல் தோலைத் தனியாக ஒன்பது தையல். ஒவ்வொன்றுக்கும் முடிச்சு. கை இப்போது எங்கேயும் நிற்கவில்லை. முடித்து மஞ்சளைப் பூசியபோது முதுகெல்லாம் வியர்த்திருந்தது. அப்பா கூட இருந்து பார்த்திருக்கக் கூடாதா என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேளக்காரர்களில் பெரியவர், கம்பெனியில் நல்ல சம்பளம் தரலாம் என்றார்.

துணியை எடுத்தார்கள். கோழி கண்ணைத் திறந்தது. எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்து விழுந்தது. இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. ஒவ்வொரு முறையும் எழும், ஒரு நொடி தள்ளாடும், உட்கார்ந்துவிடும். இதோ, இதோ என்று ஊரே கொல்லையில் எட்டி எட்டிப் பார்த்தது.

மூன்று மணிக்கு முன்பே நெல்லிவாசல் ஜீப் வந்துவிட்டது. மேளம் கிளம்பியது. கோடி போட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். சேட்டு கயிற்றோடு கொல்லைக்கு வந்தார்.

"நீ உன்னால ஆனத செஞ்சிட்ட," என்றார் தணிந்த குரலில். "எனக்கு மட்டும் ஆசையா? அண்ணிக்கு நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா நாம யாரு மூஞ்சில முழிக்கிறது?"

சிவசங்கரி கோழியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கொடுத்த வாக்கு இருக்கிறது. கைக்குள் அதன் சூடு தெரிந்தது. சேட்டு கோழியின் காலைப் பிடித்தார்.

"சேட்டு, கயித்தப் போடு."

ஜெயம்மாள்தான். காலையிலிருந்து பேசாததால் குரல் கரகரத்தது. "அவுரு சனிக்கிழம போவல."

மேளம் நின்றது. "இன்னா சொல்றீங்க அண்ணி?"

"பொழுது வெளுக்கறதுக்கு மின்னாடியே போய்ட்டாரு. நான் தூங்கறாருன்னு நெனச்சிக்கினு கெடந்தேன். வெளிச்சம் வந்தப்பறம்தான் தொட்டுப் பாத்தேன். சில்லுனு கீறாரு."

அந்த ஊரில் சூரியன் எழுந்தால்தான் அடுத்த கிழமை. அதுவரை முந்தின நாள் கணக்கு. அப்படியென்றால் சிங்காரம் போனது வெள்ளிக்கிழமை. துணையும் வேண்டாம், கோழியும் வேண்டாம்.

சேட்டு அண்ணியை உற்றுப் பார்த்தார். விடிந்த பிறகு என்றல்லவா பேச்சு என்று இழுத்தார்.

"பக்கத்துல படுத்துக்கினு இருந்தது நீயா நானா?"

சேட்டு திரும்பினார். "சங்கரி, உனக்கு எப்ப தெரியும்?"

சிவசங்கரியின் இடுப்பில் போன் இருந்தது. அதில் அப்பாவின் பெயரும், ஆறு ஐம்பது என்ற நேரமும் இருந்தன. பாறை ஏறிப் போனதும் இறங்கி வந்ததும் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்ததே அவள்தானே. சிவசங்கரிக்குத் துணை, சனிக்கிழமை இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவுக்கு உண்டு. கோழியைக் கட்டாவிட்டால் அப்பா யாரைக் கூப்பிடுவார் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எட்டு மணிக்குத்தான் சொன்னாங்க சித்தப்பா," என்றாள். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பக்கத்தில் நின்ற கலைவாணி கோழியின் முதுகிலிருந்த தூசியை ஊதத் தொடங்கினாள்.

பிறந்த வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பொண்டாட்டி சொன்ன பிறகு நாம் என்ன சொல்ல, வெள்ளிதான் என்று தீர்ந்தது. சேட்டு கயிற்றைத் தூக்கிக் கூரை மேல் எறிந்துவிட்டு, அண்ணனின் பாடைக்குத் தோள் கொடுக்கப் போனார். அவர் முகத்திலும் ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. மேளம் ஒரேயடியாக எழும்பியது. பெண்கள் ஊர் எல்லை வரை போய்த் திரும்பினார்கள்.

தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கிணற்றடிக்கு வா என்று கூப்பிட்டவர்களை ஜெயம்மாள் காதில் வாங்கவில்லை. நேராகக் கொல்லைக்கு வந்து, கோழியை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். இவ்வளவு சீக்கிரம் தரலாமா என்று கலைவாணி கேட்டாள். தையல் நிற்குமா, ஒழுகுமா என்று இப்போதே தெரிந்தாக வேண்டும் என்பது போல ஜெயம்மாள் தண்ணீரில் அதன் அலகைத் தொட்டுக் காட்டினாள். கோழி யோசித்தது. ஒரு வாய் உறிஞ்சித் தலையை மேலே தூக்கியது. மூன்று பேரும் குனிந்து அந்தக் கழுத்தையே பார்த்தார்கள். இன்னொரு வாய். இன்னொரு வாய். பை லேசாக உப்பியது. ஜெயம்மாள் ஒன்பது தையலையும் ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தாள்.

காட்டுப் பக்கம் மேளம் சட்டென்று நின்றது. குழிக்குள் இறக்குகிறார்கள். கலைவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயம்மாள் தலையைத் தூக்கவில்லை. விரலைத் தையலிலிருந்து எடுக்கவும் இல்லை.

"ஒழுவல, காஞ்சிதான் கீது," என்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."