மச்சான் வீட்டுக் குப்பை

மச்சான் அபினேலுவின் வாசலில் குவிந்திருந்த குப்பையைப் பார்த்ததும் வெத்தேவுக்கு வயிறு எரிந்தது. மத்தி டப்பா, மாட்டிறைச்சி டப்பா, சோடா டப்பா. காலை வெயிலில் கண்ணைப் பறித்தது. ஒரு மனிதன் இவ்வளவா தின்பான்? மகன் வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்தால் தின்பான்.

எல்லாம் தேசியக் குப்பைத் திட்டம் செய்த வேலை. டப்பாக்களைச் சேர்த்து வைத்தால் அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று தலைநகரத்திலிருந்து தீவுக்கு வந்த அதிகாரி பொதுமண்டபத்தில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ஊரின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் யார் அதிகம் சேர்ப்பது என்று போட்டி வேறு வைத்துவிட்டுப் போனார். விழாவில் எதிரெதிரே உட்கார்ந்து பாடும் கூட்டப் பாட்டிலேயே தொண்டை கிழிய மோதிக்கொள்கிற பக்கங்கள் அவை. கடற்கரை சில நாட்களிலேயே துடைத்ததுபோல் ஆனது. பிறகு அவரவர் வீட்டுக் குப்பைதான் கதி.

கீழ்ப்பக்கத்து வெத்தே வீட்டில் குப்பையே இல்லை. பிடித்த மீனை அவன் தின்றான், மிச்சத்தைப் பன்றி தின்றது. இப்படியொரு வறுமையில் வாழ்ந்துகொண்டிருப்பது அவனுக்கு இதுவரை தெரியாமல் போயிற்று. கீழ்ப்பக்கம் தோற்றால் ஊர் அவன் வாசலைத்தான் காட்டும்.

"எங்கண்ணன் வாசலப் பாத்தியா? எப்படி மின்னுது" என்றாள் லோசா. மேல்பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"மின்னுறது டப்பா. உங்கண்ணன் இல்ல."

அன்றே கடைக்குப் போய் இரண்டு கையும் கொள்ளாமல் டப்பா வாங்கினான்.

"வீட்ல விருந்தா?" என்றாள் கடைக்காரி.

"இல்ல. திட்டம்."

அதிலிருந்து மூன்று வேளையும் டப்பா இறைச்சிதான். கடலுக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை. பிடித்த சூரை மீனைத் தின்ன வீட்டில் வயிறும் இல்லை. மிஞ்சிய மீன் பெண்டாட்டியின் பிறந்த வீட்டுக்குப் போவது தீவின் வழக்கம். லோசா தினமும் கொண்டுபோனாள். திரும்பி வர நேரமானது.

கப்பல் வருவதற்கு முந்தைய சாயங்காலம் வெத்தேவின் டப்பா மேடு மச்சானுடையதைத் தாண்டியது. கடைசி டப்பாவைக் கையில் பிடித்தபடி அந்த வாசல் வழியாக மெதுவாக நடந்தான். அபினேலு, எலுமிச்சைச் சாற்றிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறிய சூரையை விரலோடு சப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் லோசா, தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை.

"வா மச்சான், ஒக்காரு. நீ குடுத்த மீனுதான்."

"வயிறு நெறஞ்சிருக்கு."

"தெரியுமே. வாசல்லயே குமிச்சு வச்சிருக்கியே. நாங்க டப்பா தொறந்தே ரொம்ப நாளாச்சு. நீதான் ஜெயிப்ப, போ."

வெத்தே எச்சிலை விழுங்கினான். வீட்டுக்கு வந்து டப்பாவை மேட்டின் உச்சியில் வைத்தான். அது நிற்காமல் உருண்டு பன்றியின் காலடியில் விழுந்தது. பன்றி ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு மூக்கை உயர்த்திக்கொண்டு, மச்சான் வீட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தது.