பஞ்சு பட்ட கை

ஆவூர் ஞானமணிக்கு அந்தப் பயம் ஒரு டம்ளர் காப்பியில் வந்தது. வருசம் ஐம்பத்தேழு. திருமயம் பக்கம் ஆதப்பச் செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்து முடித்ததும், ஆளுக்கொரு வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தார்கள். கொதிக்கிற டம்ளரை மற்றவர்கள் துண்டைச் சுற்றிப் பிடித்தார்கள். இவர் இடது கை விரல் நுனியால் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். விரல் செத்துப்போச்சா என்று யாரோ கேலி பண்ணிவிட்டுப் போனார். சொன்னவர் அப்போதே மறந்திருப்பார். இவர் அதை ஆறு மாசமாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் மூன்று பேர். ஞானமணிக்குச் செல்லோ, ஊரார் வாயில் அது 'பெரிய பிடில்'. பெண்சாதி அடைக்கலமேரிக்குப் பியானோ. மேரியின் அண்ணன் சவரியப்பனுக்கு வயலின். மாதா கோயிலில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரிச் சாமியார் மூவருக்கும் கற்றுக்கொடுத்தார். நாற்பத்தெட்டில் அவர் சீமைக்குக் கப்பலேறினதும் மூவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். நாற்று நடுகிற ஊரில் மேல்நாட்டுச் சங்கீதமா என்று சிரிக்காத ஆளில்லை. சிரிக்கட்டுமே! செட்டியார் வீடுகளில் ரங்கூன் கப்பலில் வந்த பியானோக்கள் தொட ஆளில்லாமல் துணி போர்த்திக் கிடந்தன. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கலெக்டர் வந்தால் டீ பார்ட்டி என்று, ஏழெட்டு வருசத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் போனது. ஒன்று மட்டும் உண்டு. பியானோவைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. அது இருக்கிற வீட்டுக்குள் விட்டால்தான் வாசிப்பு.

பெருவியாதி, அதுதான் குஷ்டம், வந்தவனை எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்? அவனை விடாத வீட்டில் அவன் பெண்சாதியையும் மச்சானையும் மட்டும் விடுவார்களா? இதுதான் ஞானமணியை அரித்தது. கம்பியை அழுத்துகிற விரல் காய்த்துப்போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் காய்ப்புக்கு அடியில் வேறு எது ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தனித் தட்டில் சாப்பிட்டார். மகளைத் தூக்குவதை விட்டார். ஊசியால் விரலைக் குத்திக் குத்திப் பார்த்தார். மேரி கேட்டால் எரிந்து விழுந்தார்.

கடைசியில் சவரியப்பனிடம் கொட்டினார். அந்த மனுசன் ஒரு அடி பின்னால் போகவில்லை. தன் இடது விரலைக் காட்டி, எனக்கும்தான் உணர்ச்சி இல்லை, இதுக்கா இந்தப் பாடு என்று திட்டிவிட்டு, மறுநாளே புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் நல்ல மனுசன். கண்ணை மூடச் சொல்லி, ஒரு துளிப் பஞ்சை எடுத்து, பட்டதும் 'ம்' சொல்லச் சொன்னார். முழங்கை, புறங்கை, விரலின் பக்கவாட்டு, எல்லா இடத்திலும் ஞானமணி 'ம்' சொன்னார். நுனியில் மட்டும் சத்தமில்லை. டாக்டர் அந்த நுனியை நகத்தால் தட்டிப் பார்த்தார். மம்பட்டி பிடிக்கிறவன் கையில் இருப்பதுதான் இதுவும், வெறும் காய்ப்பு, போய் வாசியும் என்றார்.

ஞானமணிக்கு நம்பத்தான் ஆசை. நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். சவரியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கையையும் பாருங்க டாக்டர், அப்பத்தான் இந்தப் பயந்தாங்கொள்ளி ஒத்துக்குவான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசை மேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடினார்.

இடது கையில் அதே கதை. நுனி மட்டும் மரம், மற்றதெல்லாம் 'ம்'. ஞானமணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

டாக்டர் பஞ்சைக் கீழே போடவில்லை. வில் பிடிக்கிற வலது கையைத் திருப்பினார். சுண்டு விரலுக்குக் கீழே புறங்கையில் ஒரு வெளுப்பு, தேமல் மாதிரி. பஞ்சு அங்கே பட்டது. நகர்ந்து மறுபடி பட்டது. சுண்டு விரல் நீளத்துக்கும் இழுபட்டது.

சவரியப்பன் கண்ணை மூடியபடி சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

"தொடுங்க டாக்டர்," என்றார். "இன்னும் தொடலையே?"

டாக்டர் பேனா முனையால் குத்தினார். அதற்கும் 'ம்' வரவில்லை.

ஞானமணிக்குப் பொங்கி வந்த முதல் நினைப்பு, ஆண்டவரே, எனக்கில்லை என்பதுதான். சந்தோசம் முகத்தில் ஏறிவிட்டது. அதை இறக்குவதற்குள் சவரியப்பன் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்க்காமல் நேரே இவர் முகத்தைத்தான் பார்த்தார்.

டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இப்போது மாத்திரை வந்திருக்கிறது, வருசக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் குணமாகும், வீட்டிலேயே இருக்கலாம், பயப்பட வேண்டாம். சவரியப்பன் தலையாட்டினார். மூணு மாசமாக வில் கையில் நிற்காமல் நழுவுகிறது, வயசாகிவிட்டது என்று நினைத்தேன் என்றார். வயசு அவருக்கு நாற்பத்திரண்டு.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். குளத்தூர் வழியாகப் போகிற பஸ் நின்றது, கூட்டமில்லை. சவரியப்பன் படிக்கட்டுக்கிட்ட நின்றுகொண்டார்.

"நீ முன்னால போயி உக்காரு மாப்ளே. நான் பின் சீட்டுல வாரேன்."

இங்கிட்டு வாங்க மச்சான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்று வார்த்தை. ஞானமணி ஏறிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தார். ஆவூர் வந்து சேருகிற வரைக்கும் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.