இடப்பக்கச் சுவர்

நீச்சல் குளத்தின் எதிர்ச் சுவரைத் தானாக நீந்திப் போய்த் தொட்டுவிட்டால் என் கணவர் இனிமேல் ஆஸ்பத்திரி வேனில் தனியாக வரலாம். தொடாவிட்டால் வழக்கம்போல் நான்தான் துணை. விடிவதற்கு முன் எழுந்து, அவருக்குச் சட்டை மாட்டி, இரண்டு பஸ் மாறிக் கூட்டி வந்து, இந்தக் குளோரின் நாற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிய வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமில்லை. வெட்கப்படவும் தெம்பு வேண்டுமே.

அவர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்ததில் இடது கை முஷ்டியாக மடங்கியது மடங்கியதுதான். இந்தக் குளத்து வெந்நீரில் கொஞ்ச நேரம் நின்றால் மட்டும் விரல்கள் மெல்லப் பிரியும். அப்புறம் இடுப்பில் மிதவைப் பட்டையோடு, இரண்டு உள்ளங்கைகளாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவார். விரல் பிரியாத நாளில் வலது கைதான் தண்ணீரைத் தள்ளும். முஷ்டி சும்மா நழுவிக்கொண்டு போகும். ஆள் இடது பக்கமே திரும்பித் திரும்பிச் சுவரில் முட்டுவார். “இத்தனை வருஷம் வண்டி ஓட்டின ஆளு, எப்பப் பாரு ஓரங்கட்டுறீங்களே,” என்று கேலி செய்வேன். அவரும் கோணல் வாயால் சிரிப்பார்.

இந்தச் சுவர் தொடும் பரீட்சை வைத்த அன்றைக்குப் பார்த்து பாய்லர் மக்கர் செய்தது. தண்ணீரில் கையை விட்டேன். சில்லென்று இருந்தது.

“இன்னைக்கு வேண்டாமே மாஸ்டர்,” என்றேன் பயிற்சியாளரிடம்.

“அடுத்த பரீட்சைக்கு ரொம்ப நாள் ஆகும்மா. இந்தக் குளிர் ஒண்ணும் செய்யாது. அவரையே கேளுங்க.”

அவர் அதற்குள் கம்பியைப் பிடித்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாய்ப்பு உண்டு. முதல் தடவை பாதிக் குளம்கூடத் தாண்டவில்லை. இடப்பக்கச் சுவரில் போய் நின்றார்.

“விரலைப் பிரிங்க. பிரிங்கன்னு சொல்றேன்ல,” என்று கரையிலிருந்து கத்தினேன்.

“வரல,” என்றார். குளிரில் முஷ்டி இன்னும் இறுகியிருந்தது.

“அப்போ ஏறி வாங்க. போதும். என்னால முடியல. ஒரு நாளாவது நிம்மதியா தூங்கணும் போல இருக்கு எனக்கு.”

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே போனார். நான் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் என் தோளைத் தட்டினார். “அம்மா, பாருங்க.”

நடுக் குளத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தார். ஆமை வேகம். இந்த வேகத்தில் பஸ் ஓட்டியிருந்தால் பயணிகள் இறங்கி நடந்தே போயிருப்பார்கள். விரல் பிரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், இடது முஷ்டி அப்படியேதான் இருந்தது. நல்ல கையையும் சேர்த்து மூடியிருந்தார். இரண்டு முஷ்டியும் துளித்துளியாகத் தண்ணீரைத் தள்ளின. இத்தனை மாதமாக வராத கையைப் பிரி பிரி என்று அவர் உயிரை எடுத்திருக்கிறேனே தவிர, இது எனக்குத் தோன்றவே இல்லை.

எதிர்ச் சுவரைத் தொட்டார். மேலே ஏற்றியபோது உதடெல்லாம் வெளுத்திருந்தது. துண்டைப் போர்த்தி முதுகைத் தேய்த்தேன்.

“நல்ல கைய ஏன் மூடினீங்க?”

“ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்காது,” என்றார் குழறலாக. மூச்சு வாங்கிக்கொண்டு, “நாளைக்கு நீ எழுந்திரிக்காத. தூங்கு,” என்றார்.

துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினேன். “சட்டைய யார் மாட்டி விடுவா?”

“ராத்திரியே மாட்டி விட்டுடு. போட்டுக்கிட்டே படுத்துக்கறேன்.”