மருந்தம்மாவின் பொய் நஷ்டம்

மருந்தம்மாவிடம் ஒரு சீட்டு வந்தால் அதை அவள் மூன்று முறை படிப்பாள். முதல் முறை, என்ன எழுதியிருக்கிறது என்று. இரண்டாம் முறை, எழுதியிருப்பதைத்தான் கையில் எடுத்திருக்கிறோமா என்று. மூன்றாம் முறை, சும்மா. அந்தச் சும்மாவுக்காக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கவுண்டர் கண்ணாடிக்கு வெளியே வரிசை வாசல்வரை நீளும். நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவள் அசைய மாட்டாள். மருந்து விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. ஆனால் மாத்திரை சரியாக இருந்தால் யாரும் நின்று பாராட்டிவிட்டுப் போவதில்லை.

இப்படிப்பட்டவளுக்குப் போயும் போயும் பங்குச் சந்தை மேல் ஆசை வந்தது. வங்கியில் போட்டிருந்த சேமிப்பு போட்டது போட்டபடி தூங்குகிறதே என்ற எரிச்சல்தான் காரணம். செல்போனில் தேடிக்கொண்டே போனதில் ஒரு குழு அகப்பட்டது. பெயர், கத்துக்குட்டிகள். நடத்துபவர் ஒரு பேக்கரிக்காரம்மா. சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் அடுப்படியிலிருந்தே பேசுவார். பின்னால் ரொட்டித் தட்டுகள் கணகணவென்று சத்தம் போடும். அந்தக் குழுவில் தொழில்தான் பெயர். பல் டாக்டர், தபால்காரர், மருந்தம்மா, இப்படி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும் நன்றாகத் தெரியும்.

சேர்ந்த அன்றே பேக்கரிக்காரம்மா விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்.

“இங்க யாரும் லாபம் வந்த கதை பேசக்கூடாது. அதுல கத்துக்க ஒண்ணும் கிடையாது. வழுக்கி விழுந்தவங்கதான் எங்க வழுக்கும்னு சரியா சொல்லுவாங்க. அதனால வாராவாரம் ஒருத்தர் தான் பண்ணின அசட்டுத்தனத்தைச் சொல்லணும். சிரிக்கிறவங்க சிரிக்கலாம். ஆனா பாடம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டுத்தான் போனை வைக்கணும்.”

அதற்குச் சறுக்கல் நேரம் என்று பெயர். மருந்தம்மா கேட்ட முதல் சறுக்கல் பல் டாக்டருடையது. நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த ஒருவர் வாயை மூடியதும் ஒரு கம்பெனி பெயரைச் சொன்னாராம். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, இவ்வளவு விலையுள்ள கடிகாரம் கட்டியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று டாக்டர் அந்தப் பங்கை வாங்கிவிட்டார். அது பாதாளத்துக்குப் போன பிறகு விசாரித்தால், கடிகாரம் மைத்துனருடையது. அடுத்த வாரம் தபால்காரர். விற்கப் போனவர் அவசரத்தில் வாங்கும் பொத்தானை அமுக்கிவிட்டார். தொலையட்டும் என்று நினைத்த பங்கு இரண்டு மடங்காகக் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. “விருந்தாளியை வழியனுப்பப் போயி, அவர் குடும்பத்தையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிடுச்சுங்க” என்று அவர் சொன்னபோது மருந்தம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அவளுக்கே புதிது. அவள் வேலை செய்யும் இடத்தில் தப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோருக்கும் முகம் வெளுக்கும். இங்கே தப்பைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள், வாங்கியவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள், சிரித்து முடித்தபின் ஆளுக்கு ஒரு விஷயம் கற்றுக்கொண்டு போகிறார்கள். இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு கட்டி வாங்குவது, எல்லாப் பணத்தையும் ஒரே கம்பெனியில் கொட்டாமல் இருப்பது, கம்பெனிகளின் ஆண்டறிக்கையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது, எல்லாமே அவளுக்கு அடுத்தவர்களின் சறுக்கலில் கிடைத்ததுதான். சனிக்கிழமை வந்தால் மத்தியானத்திலிருந்தே அவள் முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

குறை ஒன்றுதான். அவள் இதுவரை ஒரு பங்குகூட வாங்கவில்லை.

கணக்குத் திறந்தாகிவிட்டது, பணமும் போட்டாகிவிட்டது. ஒரு பெயிண்ட் கம்பெனியின் வரலாறு, பூகோளம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. விரல் பொத்தான்வரை போகும். எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடுவோமே என்று தோன்றும். பார்த்து முடிப்பதற்குள் விலை மாறியிருக்கும். மாறிவிட்டதே, மறுபடி முதலிலிருந்து பார்ப்போம் என்று திரும்பிவிடுவாள்.

இதற்கிடையில் குழுவில் ஒரு கலாட்டா நடந்தது. புதிதாக வந்த ஒருவர், தான் பணத்தை மூன்று மடங்காக்கிவிட்டதாகப் படம் போட்டுக் காட்டினார். தபால்காரர் துருவித் துருவிக் கேட்டதில் அத்தனையும் புளுகு என்று தெரிந்துபோயிற்று. ரொட்டித் தட்டு ஒன்று ணங்கென்று விழுந்த சத்தம் கேட்டது. “பொய்க் கணக்கு சொல்றவங்களுக்கு இங்க இடமில்ல” என்றார் பேக்கரிக்காரம்மா. அடுத்த நொடி ஆள் வெளியே. மருந்தம்மாவுக்கு அன்று பேக்கரிக்காரம்மா மேல் மரியாதை ஒரு படி கூடியது.

அதற்கடுத்த வாரமே அவளுக்குத் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. “மருந்தம்மா, நீங்க வந்ததுலேருந்து கேட்டுட்டு மட்டும் இருக்கீங்க. வெளிய பலபேர் இடத்துக்குக் காத்துட்டு இருக்காங்க. இந்தச் சனிக்கிழமை உங்க சறுக்கலைச் சொல்லிடுங்க. இல்லன்னா உங்க இடத்தை இன்னொருத்தருக்குக் குடுக்க வேண்டி வரும். தப்பா எடுத்துக்காதீங்க.”

வாங்கினால்தானே சறுக்க முடியும்? அவசரமாக ஒன்றை வாங்கி அவசரமாகச் சறுக்குவது அவள் உடம்பிலேயே இல்லை. அந்தச் சனிக்கிழமைகளை விட்டுக்கொடுக்கவும் முடியாது. முகம் தெரியாத நாலு பேர் மேல் இவ்வளவு ஒட்டுதலா என்று அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

கணவரிடம் சொன்னாள். அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர்கள் தப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பவர். எதுவும் அவருக்குப் பெரிய விஷயமில்லை.

“இவ்வளவுதானா? ஒண்ணு அடிச்சு விடேன்” என்றார்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“நஷ்டம் வந்துச்சுன்னு பொய் சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்? பெருமை அடிக்கத்தானே கூடாது. நீ அசடுன்னு தானே சொல்லிக்கப் போற?”

“நான் அசடு இல்லையே.”

“அதான் சொல்றேன், கொஞ்சம் கற்பனை வேணும்னு.”

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், பொய் சொல்வதென்று ஆனபின் அதைச் சரியாகச் சொல்ல வேண்டாமா என்று முழு மூச்சாக இறங்கிவிட்டாள். பெயிண்ட் கம்பெனியின் விலைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கோடு எங்கே உச்சிக்குப் போய் எங்கே சரிகிறது என்று பார்த்து, உச்சியைத் தாண்டியதும் வரும் ஒரு திங்கட்கிழமையைப் பிடித்தாள். கோடு அந்த இடத்தில் எந்த விலையைத் தொடுகிறது என்று அளந்து குறித்தாள். பத்துப் பங்கு வாங்கப் போய் வார்டிலிருந்து போன் வந்த பதற்றத்தில் நூறு என்று அடித்துவிட்டதாகவும், பயந்துபோய் மறுநாளே விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டதாகவும் கதை. கணவரிடம் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினாள். “எனக்கே அழுகை வருது” என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கணவர் எதிரே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். மருந்தம்மா ஆரம்பித்தாள். முதலில் குரல் நடுங்கியது, போகப்போக வெளுத்து வாங்கினாள். எந்தத் திங்கட்கிழமை, எத்தனை மணி, என்ன விலை, ஒன்றையும் விடவில்லை. நூறு என்று அடித்த இடத்தில் பல் டாக்டர் “ஐயையோ!” என்று அலறினார். பேக்கரிக்காரம்மா சிரித்துச் சிரித்து இருமினார். அடடா, பொய்யில் இவ்வளவு சுகமா என்று மருந்தம்மாவுக்குத் தோன்றியது. பாடத்தையும் அவளே சொல்லி முடித்தாள். கைதட்டல்.

“மருந்தம்மா, ஒரு சின்னச் சந்தேகம்” என்றார் தபால்காரர்.

“சொல்லுங்க.”

“திங்கட்கிழமைன்னு சொன்னீங்களே, அன்னைக்கு அரசு விடுமுறை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தபால் கிடையாது, நான் வீட்ல படுத்துத் தூங்கினேன். மார்க்கெட்டும் அன்னைக்குத் திறக்கலையே. நீங்க எப்படி வாங்கினீங்க?”

மருந்தம்மா குறித்து வைத்திருந்த தேதியைத் திரும்பப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு விடுமுறை ஏது? அவளுக்கு எல்லாத் திங்கட்கிழமையும் ஒன்றுதான். விடுமுறை நாளில்தான் கார் ஓட்டிப் பழக ஆள் அதிகம் வருவார்கள் என்பதால் கணவருக்கும் அது ஞாபகத்தில் நிற்கவில்லை. பாழாய்ப்போன அந்தக் கோடோ, வெள்ளிக்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் இழுத்து ஒட்டிவிட்டு, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல நேராகப் போயிருந்தது. அவள் அதை இரண்டு கண்ணாலும் பார்த்து அளந்து எழுதியிருக்கிறாள்.

கணவர், அணைத்துவிடு, அணைத்துவிடு என்று கையால் ஜாடை காட்டினார். அணைத்திருக்கலாம். அணைத்தால் அதோடு சரி, இனி சனிக்கிழமை கிடையாது. அவள் போனைக் கையில் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“நான் வாங்கவே இல்லைங்க. இதுவரைக்கும் ஒரு பங்குகூட வாங்கினது இல்ல. பயம். தப்பாயிடுமோன்னு பயம். சறுக்கல் சொல்லலன்னா அனுப்பிடுவீங்கன்னு நானே ஒண்ணை ஜோடிச்சேன். உங்களை எல்லாம் விட்டுட்டுப் போக மனசு வரல. நீங்களே இப்ப அனுப்பிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

கடைசி வார்த்தை பொய். அவள் நிறைய நினைத்துக்கொள்வாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

எங்கோ ஒரு தட்டு மெல்ல மேசைமேல் வைக்கப்பட்டது. “நான் இந்தக் குழுவை ஆரம்பிச்சதுலேருந்து பொய் லாபம் சொன்னவங்க எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன்” என்றார் பேக்கரிக்காரம்மா. “அவங்களை அனுப்பறதுக்கு விதி இருக்கு. பொய் நஷ்டம் சொல்லிட்டு ஒருத்தங்க வருவாங்கன்னு நான் கனவுலகூட நினைக்கலையே! இதுக்கு நான் எந்த விதியைப் போய்த் தேடுவேன்?”

முதலில் சிரித்தது தபால்காரர். பிறகு பல் டாக்டர், பிறகு யார் யாரோ. அது பரிகாசச் சிரிப்பு இல்லை என்று அவளுக்கு உடனே புரிந்தது. அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வாரமாக அவள் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல்முறையாக அது அவள் பக்கம் வருகிறது.

“மூடின கடையில போய் நூறு பங்கு வாங்கின ஒரே ஆள் நீங்கதான், மருந்தம்மா” என்றார் பல் டாக்டர். “என் கடிகாரம் எல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல.”

“சரி சரி, பாடம் என்ன? அதைச் சொல்லுங்க” என்று அதட்டினார் பேக்கரிக்காரம்மா.

மருந்தம்மா மூக்கை உறிஞ்சினாள். “படத்துல கோடு போகுதேன்னு நம்பக்கூடாது. அன்னைக்குச் சந்தை நடந்துச்சான்னு பார்க்கணும்.”

“நல்ல பாடம். நானே பல பேருக்கு இதைச் சொல்ல மறந்திருக்கேன். சறுக்கல் ஏத்துக்கப்பட்டது. ஆனா ஒரு தண்டனை உண்டு. திங்கட்கிழமை நீங்க ஒரே ஒரு பங்கு வாங்கணும், நிஜமா. பிடிச்ச கம்பெனியா பார்த்து வாங்குங்க. இத்தனை நாள் படிச்சதே போதும்.”

போனை வைத்ததும் மருந்தம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கணவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். “அதான் சேர்த்துக்கிட்டாங்களே, அப்புறம் என்ன?” என்றார். “அதுக்குத்தாங்க” என்றாள்.

திங்கட்கிழமை கவுண்டரில் கூட்டம் ஓய்ந்திருந்த ஒரு நேரம். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி அவள் பெயிண்ட் கம்பெனியைத் திறந்தாள். வரம்பு விலை போட்டாள், எண்ணிக்கையில் ஒன்று என்று அடித்தாள். எதற்கும் இன்னொரு முறை என்று மனசு இழுத்தது. சும்மா இரு என்று அதை அடக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். வாங்கியாயிற்று. உலகம் இடிந்து விழவில்லை. மாடியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் வழக்கம்போலக் கேட்டது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலை கொஞ்சம் இறங்கியது. மிகக் கொஞ்சம், ஒரு பன்னுக்குக்கூடப் போதாது. ஆனால் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று காட்டியது. அவளுடைய சொந்த நஷ்டம், ஜோடிக்காதது. தலைகால் புரியாமல் குழுவில் எழுதினாள்: “வாங்கிட்டேன்! இறங்கிடுச்சு!” அடுத்த நிமிடம் வாழ்த்துகள் வந்து குவிந்தன. தபால்காரர் ஒரு வரி எழுதியிருந்தார்: “இன்னைக்கு நான் வேலைக்கு வந்திருக்கேன், அதனால இதை நம்பறேன்.” மருந்தம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு பெரியவர் சீட்டும் கையுமாக வந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கவுண்டரில் யாரும் சிரித்து அவர் பார்த்ததில்லை போலும்.

“என்னம்மா, லாட்டரி ஏதாச்சும் அடிச்சிருக்கா?”

“இல்லங்க ஐயா, நஷ்டம்” என்றாள் மருந்தம்மா, வாயெல்லாம் பல்லாக.