குள்ளர் வீட்டுக்கு வந்த வாத்தியார்

வாணியம்பாடியில் இருந்து தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்க மலையேறும் மஜீத் பாய்க்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய சமாதிகள். ஜவ்வாது மலையில் எங்காவது நாலு பலகைக்கல் நிற்கிறதென்று காதில் விழுந்தால் போதும், வந்த வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். எந்தக் காலத்து ஜனங்களோ புதைத்த இடங்கள் அவை. மலைக்காரர்கள் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். பாய் அதன் பக்கத்தில் அரை நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"இன்னா பாய் கீது இதுல?" என்று முதல் வருஷம் மலைக்காரன் கோபால்சாமி கேட்டான்.

"செத்தவங்க யாரும் எங்கிட்ட பட்டை விக்க வர்றதில்ல கோபாலு. அதான் நிம்மதி."

சிரித்த கோபால்சாமிக்கே பிறகு அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. சாமையும் புளியுமாகப் பிழைக்கிற அவனை ஊரில் யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. பாய் மட்டும், "இந்த மலையில கோபாலுக்குத் தெரியாத கல்லே இல்ல" என்று ஜமுனாமரத்தூர் சந்தையில் நாலு பேர் கேட்கச் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காக ஐந்து வருஷம் காடு காடாக அலைந்து கல் தேடி வைத்தான்.

ஆறாம் வருஷம், அறுபத்தொன்றில், தேவராஜ் வாத்தியார் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதுசு. கழுத்தில் கேமரா. அடிவாரத்தில் வெள்ளைக்காரன் காலத்து ஜெயில் ஒன்று கூரையில்லாமல் கிடக்கிறதென்று பாயைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டார். கோபால்சாமியை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

"செவுத்துல கைதிங்க நாள் கணக்குக்குக் கோடு கீறி வச்சிருக்காங்க கோபாலு. ஒரு இடத்துல கோடு நின்னுபோச்சு. வெளியே வுட்டாங்களா, செத்தானா, யாருக்குத் தெரியும்! வாத்தியாருக்கு இன்னா மூளை!"

நேற்று வந்தவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாரே! மனைவி சாந்தம்மாள் வைத்த களியைத் தொடாமல் கோபால்சாமி எழுந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாயும் வாத்தியாரும் சேர்ந்தே வந்தார்கள். "புதுசா ஏதாச்சும் கீதா கோபாலு?" என்றார் பாய். அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் எப்போதோ காட்டி முடித்திருந்தான்.

"அவருகிட்ட சரக்கு தீந்துடுச்சு போல" என்று சிரித்தார் வாத்தியார்.

"ஏன் இல்ல? கீது. ஒருத்தரும் பாக்காதது."

வாய் முந்திக்கொண்டது. கால்களும் பின்னாலேயே போயின.

மேட்டுக்கு அப்பால், புங்கமரத்தடியில், சின்னதாக ஒரு கல்வீடு. எட்டு வருஷத்துக்கு முன் அவனே செதுக்கி அடுக்கியது. காய்ச்சலில் போன நாலு வயது மகள் பூங்கோதை அதற்குள் இருந்தாள். குழந்தை செத்தால் குள்ளர் வீடு போலவே கல் வைத்து மூடுவது அவன் கூட்டத்து வழக்கம். முப்பதாம் நாளுக்குப் பிறகு பெற்றவர்கள் அங்கே காலடி வைக்கக் கூடாது. சாந்தம்மாள் விறகுக்குப் போனால்கூட அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

பாய் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "எத்தினி சின்னது! கோபாலு, உன்னை அடிச்சிக்க ஆளே இல்லய்யா!"

கோபால்சாமிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வாத்தியாரின் முகத்தைத்தான் முதலில் பார்த்தான். அந்த நொடியில் உள்ளே இருப்பது யாரென்பது சத்தியமாக அவனுக்கு ஞாபகமில்லை.

வாத்தியார் குனிந்து கல்லைத் தடவினார். "உளி பட்ட இடம் இன்னும் வெளுப்பா இருக்கே. இது பழசு இல்லீங்க பாய்."

"முந்நூறு வருசத்துக் கல்லு!" என்றான் கோபால்சாமி.

"உள்ள பாத்தா தெரிஞ்சிடப் போவுது." வாத்தியார் மூடுகல்லில் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினார். ஒரு சாண் நகர்ந்தது.

"வுடுய்யா! அது எம் பொண்ணு!"

வாத்தியார் கையை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு பாய், "நீங்க கீழ போங்க வாத்தியாரே" என்று தணிந்த குரலில் சொல்லி அனுப்பினார். அவரும் கோபால்சாமியுமாகக் கல்லை இழுத்து மூடினார்கள். பாய் இரண்டு கையையும் ஏந்தித் துவா செய்தார். அப்புறம் அவன் தோளைத் தொட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அழ வேண்டும் என்று கோபால்சாமிக்குத் தெரிந்தது. சாந்தம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்றாவது யோசித்திருக்க வேண்டும். அவனோ பாயின் கண்களையே கவனித்துக்கொண்டிருந்தான். அவை வாத்தியார் இறங்கிப்போன பாதைப் பக்கம் ஒருமுறை போய்வந்தன. சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் போயின. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கோபால்சாமிக்குப் பொறாமையாக இருந்தது.