இடது மணிக்கட்டின் ஆறாவது மணி

என் தம்பியின் இடது மணிக்கட்டுக்கு விலை மாதம் எழுபதாயிரம், மதியச் சாப்பாடு தனி. சொன்னவர் எதிர்க்கடைக்காரர். எழுபது என்று வாயைத் திறக்கும்போதே தொண்ணூறு வரை ஏறுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துணி மொத்த வியாபாரி பெற்ற பெண் நான், ஆள் மூச்சு விடுகிற தினுசை வைத்தே கையிருப்பைச் சொல்வேன். ஆனால் தம்பி, "கையை மட்டும் கழட்டிக் கொடுக்க முடியாது சார், கூடவே அக்காவும் வருவாங்க, பரவாயில்லையா?" என்று கேட்டான். மனுஷர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எங்கள் கடையில் விற்பது சென்ட். அதிலும் மர வாசனை மட்டும். பெரிய கம்பெனிச் சரக்கு கிடையாது. மூக்கம்மா என்று நாங்கள் பட்டம் கட்டிய ஒரு அம்மாள், தன் வீட்டு மாடியில் மாதம் நாற்பது பாட்டில் கலந்து தருவார். அதில் ராஜா பதினேழாம் நம்பர். பதினாறு தடவை சொதப்பி, பதினேழாவதில் கைகூடியதால் அந்தப் பெயர்.

தோலில் பட்டதும் நாரத்தைத் தோலைக் கிள்ளியது மாதிரி சுரீர் என்று ஏறும். பத்து நிமிஷத்தில் அது ஓடிப்போய், புதிதாகச் சீவிய பென்சில். இரண்டு மணி நேரம் கழித்து நனைந்த பலகை, ஓரத்தில் கொஞ்சம் புகை. சங்கதியே ஆறாவது மணியில்தான் இருக்கிறது. வெகுநாள் துணி அடுக்கிய மர பீரோவைத் திறந்து உள்ளே முகத்தை நுழைத்தால் இளஞ்சூடாக ஒன்று வருமே, அது.

காகிதத்தில் அடித்தால் பென்சிலோடு நின்றுவிடும். தோல் வேண்டும். அதுவும் எல்லாத் தோலும் ஆகாது. என் கையில் ஏதோ சுமார். தம்பி கையில் பழுக்கும். அதனால் காலை ஒன்பதுக்கு அவன் இடது கையில் ஒரு அடி, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வலது கையில் ஒரு அடி. மூன்று மணிக்கு வருகிறவர் ஆரம்பத்தையும் முடிவையும் ஒரே நிற்பில் முகர்ந்துவிட்டு பர்ஸைத் திறப்பார். எந்த பாட்டில் எந்த மணியில் எப்படி இருந்தது என்று நான் நோட்டில் குறித்துவைப்பேன்.

போன வாரம் பல் டாக்டர் வந்தார். வருஷத்துக்கு இரண்டு பாட்டில், பேரமே கிடையாது. அப்படிப்பட்டவரைக் கும்பிடத்தான் வேண்டும். இடது கைக்குக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஒரு போன் வருது," என்றார். போன் மேஜைமேல் சத்தமில்லாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் தம்பி கையை முகர்ந்தேன். சில்லறைக் காசை வெகுநேரம் பொத்திவைத்த உள்ளங்கை வாடை. அடியில் கசப்பு. முதல் தடவை இல்லை. இருபத்திரண்டு நாளில் ஏழு தடவை, "கசப்பு, சரக்குக் கோளாறு" என்று நானே நோட்டில் எழுதியிருக்கிறேன். ஏழு தடவையும் புது பாட்டிலை உடைத்து அடித்தேன்.

மூக்கம்மாவுக்கு போன் போட்டேன்.

"மலிவு ஸ்பிரிட்டு ஏதாவது ஊத்திட்டீங்களா?"

"நாளைக்குக் காலையில வர்றேன். அதுக்குள்ள நீ மூக்கைக் கழுவி வை."

ஒன்பதுக்கு வந்தார். ஒரே பாட்டிலிலிருந்து என் கை, அவர் கை, தம்பி கை, மூன்றிலும் ஆளுக்கொரு அடி. அப்புறம் காத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் மூன்றும் பென்சில். பதினொன்றுக்கு மூன்றும் பலகை. மூக்கம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மன்னிப்புக்கு எத்தனை பாட்டில் விலை வைக்கலாம் என்ற யோசனை ஓடியது.

தம்பி அன்றைக்கு ஓயாமல் ஜோக்கடித்தான். ஒரு மணிக்கு எழுந்தான்.

"பாங்க் வரைக்கும் போய்ட்டு வர்றேன்கா."

"இன்னிக்கு பாங்க் லீவு," என்றார் மூக்கம்மா. "உக்காரு."

உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. ஒரு மாதமாக முகமும் காலையில் உப்பலாகத்தான் இருந்தது. ஓசிச் சாப்பாடு ஒட்டுகிறது என்று நான்தான் கேலி செய்தேன்.

மூன்று மணி. என் கையில் பீரோ. அவர் கையில் பீரோ. மூக்கம்மா தம்பியின் மணிக்கட்டை எடுத்து முகர்ந்தார், எனக்கும் நீட்டினார்: அதே காசு வாடை, அடியில் கசப்பு. கீழே விடவில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடறே?"

"வைட்டமின்."

"எனக்கு மூக்குதான் பெரிசு, காது மந்தம். இன்னொரு தடவை சொல்லு."

அவன் எழுந்து, முகர்ந்துபார்க்கும் காகிதப் பட்டைகளை வைக்கிற தகர டப்பாவைத் திறந்தான். பட்டைகளுக்கு அடியில் மூன்று விதமான மாத்திரை அட்டைகள். எதிலும் பாதிகூடக் காலியாகவில்லை.

"கிட்னி," என்றான். "ரெண்டு மாசமா."

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றார் மூக்கம்மா.

"வாரத்துக்கு ரெண்டு நாள் வரச் சொன்னார். ஒரு தடவைதான் போனேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அவர் மூணு மணிக்குத்தான்கா பார்க்கிறார்."

மூன்று மணிக்குத்தான் கை பழுக்கும். எந்த விலைக்கும் மறுவிலை சொல்லிப் பழகிய என் வாய், கடைசியில் இதைத்தான் கேட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ டாக்டர்கிட்ட போய் ஒரு கிட்னிக்கு என்ன குறைப்பீங்கன்னு கேப்பே," என்றான். சிரிக்கத்தான் சொன்னான்.

மூக்கம்மா அவன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்து, பொத்தானைப் போட்டுவிட்டார். "ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ நிக்காது. என் வண்டியில போலாம். மூணே காலுக்குப் போனாலும் பார்ப்பாங்க," என்றார்.

நான் ஷட்டரை இறக்கினேன். அவர்கள் வண்டியில் ஏறுவதற்குள் நோட்டை எடுத்து, நின்றபடியே ஏழு இடத்திலும் "சரக்குக் கோளாறு" என்பதைக் கோடு போட்டு அடித்தேன். கீழே அன்றைய வரவைப் பதிந்தேன்.

பதினேழாம் நம்பர், மூன்று கை. பத்தாம் நிமிஷம்: மூன்றும் சரி. இரண்டாம் மணி: மூன்றும் சரி. ஆறாம் மணி: இரண்டு சரி, ஒன்று பாக்கி. தாமதம் இருபத்திரண்டு நாள், என் பேரில்.