பன்னிரண்டு டப்பாவும் ஒரு வாளியும்

ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மாவிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். உள்ளே என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. அம்மா அங்கே தரைக்குக் கீழே, நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் கூடத்தில் பதினேழு வருஷமாக இருக்கிறாள். நான் மூன்றாம் மாடி, கம்ப்யூட்டர் பிரிவு. "ஆகட்டும் மேடம்," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'ஓ, கீழே துவைக்கிற அம்மாவோட பொண்ணா' என்று எவனும் என்னிடம் குரலை ஒரு படி இறக்கிப் பேசக் கூடாது. அவ்வளவுதான் காரணம். எழுதும்போதே கூசுகிறது. கூசட்டும்.

ஐந்தாம் மாதம் துவைக்கும் கூடத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் கைக்கருவி கொடுத்தார்கள். செல்போனைவிடக் கொஞ்சம் தடிமன், ரப்பர் உறை. கற்றுக்கொடுக்கப் போனது நான்தான். இனிமேல் மாடி ஏறி வந்து நோட்டில் எழுத வேண்டாம், ஒரு மூட்டை முடிந்தால் நின்ற இடத்திலேயே ஒரு தட்டு, வைஃபையில் மேலே போய்விடும், உங்கள் கால் வலிக்கு இதுதான் மருந்து என்று பிரசங்கம் செய்தேன். ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லையென்றால் சும்மா இருந்ததாக விழும் என்றும், அடுத்தவர் கருவியைக் கையில் வைத்திருந்தால் வேலை போகும் என்றும் சொன்னேன். அந்த விதிகளை டைப் அடித்ததும் நானே. பெண்கள் அதற்கு அப்போதே 'டப்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவர் இவ்வளவு கனமாக இருக்கிறதே, இதைத் தாண்டிப் போகுமா என்று ஒருத்தி கேட்டாள். போகும் என்றேன். சோதித்துப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் நின்ற அம்மா யாரோ போல டப்பாவை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே வீட்டில் கேட்டாள். தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உனக்குச் சரியாகத் தொடத் தெரியவில்லை என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னேன். அம்மா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சோப்புத் தண்ணீரில் ரேகை தேய்ந்த விரல்.

கருவி எங்கே வைஃபையைப் பிடிக்கிறதோ அங்கே, என் திரையிலுள்ள கட்டட வரைபடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி விழும். இரண்டு வாரத்தில் ஒரு வேடிக்கை தெரிந்தது. மணிக்கு ஒரு தடவை பன்னிரண்டு புள்ளியும் மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் ஜன்னலோரம் கூடும், ஆறு நிமிஷம் நிற்கும், காணாமல் போகும். கூடத்துக்குள் ஒரு புள்ளிகூட ஏன் விழவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மீட்டிங்கில் படத்தைப் போட்டு, "மணிக்கு ஒரு மாநாடு நடக்குது சார்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறதென்றால் பத்துப் பேர் போதும், இரண்டு பேரை அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர். ஆதாரத்துக்கு ஒரு போட்டோ மட்டும் எடுத்து வரச் சொன்னார்.

மறுநாள் செல்போனை நீட்டியபடி படியில் காத்திருந்தேன். பன்னிரண்டு பேர் வரவில்லை. ஒரே ஆள் வந்தாள், ஒரு கையில் நீல வாளி, மறு கை கைப்பிடியில், ஒவ்வொரு படிக்கும் முழங்காலை அழுத்திக்கொண்டு. அம்மா. வாளிக்குள் காய்ந்த துண்டு விரித்துப் பன்னிரண்டு டப்பாக்கள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல். ஜன்னலோரம் வாளியை வைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, வட்டம் நிற்கும்வரை பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

என்னைக் கண்டதும், "வணக்கம் மேடம்," என்றாள்.

சுற்றிலும் யாருமில்லை. அப்போதும் மேடம்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. எனக்குத் தொடத் தெரியலைன்னியே," என்றாள். குரலில் கோபமே இல்லை. "இந்த ஜன்னல்கிட்ட வந்தா சமர்த்தாப் போயிடுது. மத்தவங்களும் எதுக்கு ஏறி இறங்கணும்னு நானே தூக்கிட்டு வரேன். பாரு, முட்டியே தேஞ்சிடுச்சு. நோட்டு காலத்துலகூடச் சாயங்காலம் ஒரு தடவைதான் ஏறுவோம்."

மீட்டிங்கில் உள்ளதைச் சொன்னேன்: கீழே வைஃபை போகவில்லை, ஒரு பெண்மணிதான் எல்லாக் கருவிகளையும் சுமந்து வருகிறார், மாநாடு எதுவும் இல்லை. இரண்டு பேரை அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. மேனேஜருக்கு ஒரே ஆச்சரியம்.

"கெட்டிக்கார அம்மாவா இருக்காங்களே. யாரும்மா அது?"

"தெரியாது சார்," என்றேன்.

அம்மாவின் வேலையைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று சாதிக்கலாம். அடுத்தவர் கருவியைத் தொட்டால் வேலை போகும் என்ற விதி எனக்கு ஞாபகம் வந்ததே லிஃப்டில் ஏறிய பிறகுதான். அறைக்குள் என் வாயில் வந்தது வேறு. அது பழக்கம். நேரில் போய்க் கண்டுபிடித்ததற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு என் பட்டத்தோடு சேர்த்து வைத்தாள்.

வைஃபைப் பெட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டிய அன்று, சோதித்துப் பார்க்க நான் போனேன். மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். "இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. வாளி தூக்கினவங்கதான். அவங்க என் அம்மா," என்றேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா விரிப்பைப் பார்த்தாள்.

"முதல் நாளே தெரியும் கண்ணு," என்றாள் சுவரைப் பற்றிக் கேட்டவள். "உன் பரீட்சை மார்க் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அந்த மூக்கை வேற எங்க ஒளிச்சு வைப்ப? பொண்ணு சங்கடப்படுவா, காட்டிக்காதீங்கன்னு உங்கம்மாதான் எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டா."

பன்னிரண்டு பேர், ஐந்து மாதம், என்னைப் பார்க்கும்போதெல்லாம் மேடம் என்றிருக்கிறார்கள். எனக்காக. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"சும்மா நிக்காத," என்றாள் அம்மா. மெஷினிலிருந்து எடுத்த விரிப்பின் இரண்டு முனையை என் பக்கம் எறிந்தாள். "அந்தப் பக்கம் பிடி. உதறணும்."

பிடித்தேன். சூடாக இருந்தது. முகம் மறையும் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டேன்.

"இறக்கு," என்றாள் அம்மா. "இவ்வளவு உயரத்துல பிடிச்சா உதற வராது."